கரண்டிக் காம்பில் பாசிமணி கட்டுவது எப்படி

காம்பில் கம்பி சுற்றி மணி கட்டி முடித்த அன்று எல்லாக் கரண்டியும் அழகாகத்தான் இருக்கும். பத்துத் தடவை கழுவித் துடைத்த பிறகும் சுற்று நழுவாமல், மணி ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்தால்தான் வேலையின் தரம் தெரியும். புதிதாகக் கட்டுகிறவர்கள் மணியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரமும், கம்பியை எங்கே தொடங்குவது என்று யோசிக்க ஒரு நிமிடமும் செலவிடுகிறார்கள். அதைத் தலைகீழாக்குங்கள். நிறம் பிடிக்காவிட்டால் அவிழ்த்துவிட்டு வேறு மணி கோத்துக்கொள்ளலாம். தொடக்கச் சுற்று தளர்ந்தால் மொத்த வேலையும் போய்விடும்.

இங்கே ஒரே ஒரு பரிமாறும் கரண்டியை எடுத்துக்கொண்டு, முதல் சுற்றிலிருந்து கடைசி வெட்டு வரை அளவுகளோடு சொல்கிறோம். இதைச் செய்து கை பழகிவிட்டால் ஃபோர்க், கேக் வெட்டும் கத்தி இவற்றுக்கும் அதே முறைதான்.

எந்தக் கரண்டி சரி

சுமார் 22 செ.மீ. நீளமும், தட்டையான, வேலைப்பாடு இல்லாத காம்பும் உள்ள எவர்சில்வர் கரண்டி போதும். சின்ன டீஸ்பூனில் கற்றுக்கொள்ளாதீர்கள். காம்பு முழுக்கக் கைக்குள் போய்விடுவதால் மணி விரலை உறுத்தும். மரக்காம்பும் வேண்டாம். தண்ணீரில் ஊறினால் மரம் பருத்துக் கம்பியை விரிக்கும், காய்ந்ததும் சுருங்கும், கம்பி விரிந்தபடியே நின்று தொளதொளக்கும். பிளாஸ்டிக் காம்பு வளையும், வளையும்போதெல்லாம் சுற்று கொஞ்சம் கொஞ்சமாக இளகும்.

கரண்டியை வாங்கும் முன் காம்பின் உருவத்தைப் பாருங்கள். பெரும்பாலான கரண்டிகளில் காம்பு நுனியில் அகலமாகவும் குழியை நோக்கி வரவர ஒடுங்கியும் இருக்கும். சுற்றிய கம்பி எப்போதும் ஒடுங்கிய பக்கம் நோக்கித்தான் நழுவும். அதனால் ஒடுங்கிய இடத்தில் தொடங்கி அகலமான பக்கம் நோக்கி ஏற வேண்டும். அப்போது ஒவ்வொரு சுற்றும் தனக்குக் கீழே உள்ள சுற்றின் மேல் உட்கார்ந்துகொள்ளும், நழுவ இடமிருக்காது. நுனியில் தொடங்கி இறங்கினால் எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் மொத்தமாகக் கீழே சரிந்து குவியும்.

மிக ஒடுங்கிய இடம் குழியிலிருந்து 4 செ.மீ.க்கு மேல் இருக்கும் கரண்டி கிடைத்தால் விடாதீர்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. சில கரண்டிகளில் அந்த இடம் குழிக்கு ஒட்டினாற்போல இருக்கும். அங்கே கட்டினால் குழம்பில் நனையும். அப்படிப்பட்ட கரண்டியில் 4 செ.மீ. தள்ளியே தொடங்கி, தொடக்கச் சுற்றுக்குப் பசையின் துணை கொடுக்க வேண்டும். அது பின்னால் வருகிறது.

கம்பி

மெல்லிய செப்புக் கம்பிதான் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. மிருதுவானது, சொன்ன இடத்தில் படியும். பித்தளைக் கம்பி விறைப்பானது, சுற்றியதும் ஸ்பிரிங் போல எழும்பி நிற்கும். அலுமினியக் கம்பி எளிதாக வளையும், ஆனால் துடைக்கிற துணியிலும் விரலிலும் சாம்பல் நிறக் கறை விடும். கட்டுக்கம்பி துருப்பிடிக்கும்.

கைவினைக் கடைகளில் நிறம் பூசிய கம்பி சின்னச் சின்னச் சுருளாகக் கிடைக்கிறது, விலையும் அதிகம். நல்ல மாற்று, மோட்டார் காயில் கட்டும் கடைகளில் எடை போட்டு விற்கும் வைண்டிங் கம்பி. மேலே மெல்லிய எனாமல் பூச்சு இருப்பதால் செம்பு சீக்கிரம் கறுக்காது. நிறம் செம்பழுப்பு. வெள்ளை, பச்சை, நீல மணிகளுக்கு அது பொருத்தமாகவே இருக்கும்.

கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண்ணில் எல்லோரும் ஒருமுறை ஏமாறுவார்கள். வைண்டிங் கம்பிக் கடையில் சொல்வது எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் அளவு. கைவினைப் பொருள் விற்கும் தளங்களில் பெரும்பாலும் ஏ.டபிள்யூ.ஜி. என்ற அமெரிக்க அளவு. இரண்டும் ஒன்றல்ல. 24 கேஜ் என்பது முன்னதில் 0.56 மி.மீ., பின்னதில் 0.51 மி.மீ. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் துளை சிறிய மணியில் கம்பி நுழைவதும் நுழையாததும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள். நமக்கு வேண்டியவை இரண்டு: மணி கோக்க 0.5 மி.மீ. (வைண்டிங் கடையில் 25 நம்பர்), இடையில் பூட்ட 0.3 மி.மீ. (30 நம்பர்). ஒரு கரண்டிக்கு முதல் வகை 1 மீட்டர், இரண்டாவது 75 செ.மீ. 0.5 மி.மீ. செப்புக் கம்பி மீட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவு. 50 கிராம் வாங்கினாலே ஒரு டஜன் கரண்டிக்குப் போக மீதி இருக்கும்.

மணி

பாசி என்பது பொடி மணி. அதன் நம்பர் ஏற ஏற மணி சிறிதாகும். 11 நம்பர் பாசி ஏறக்குறைய 2 மி.மீ., 8 நம்பர் 3 மி.மீ. ரவிக்கையில் மணி வைத்துத் தைக்கும் ஆரி வேலைக்குப் பொருள் விற்கும் கடையில் சுகர் பீட்ஸ் என்று கேட்டால் இந்த அளவுகளை எடுத்துக் காட்டுவார்கள். கையோடு ஒரு துண்டுக் கம்பியைக் கொண்டுபோய்க் கடையிலேயே நுழைத்துப் பாருங்கள். முத்துப் பூச்சு மணிகளில் துளை பெரும்பாலும் சிறிது.

ஒரு கரண்டிக்கு வேண்டியவை: 4 மி.மீ. உருண்டைக் கண்ணாடி மணி 17, 11 நம்பர் பாசி 14, 8 நம்பர் பாசி 10. உடைவதற்கும் தொலைவதற்கும் சேர்த்து ஒவ்வொன்றிலும் ஐந்தாறு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரவிக்கையில் நிற்கிற மணியெல்லாம் கரண்டியில் நிற்காது. ரவிக்கையைத் தினமும் சோப்புப் போட்டுத் தேய்ப்பதில்லை. பூச்சினால் மின்னுகிற மணி, துளைக்குள் வெள்ளிப் பூச்சு உள்ள மணி, சாயம் தோய்த்த மணி மூன்றும் வேண்டாம். துளைக்குள் தண்ணீர் போனால் வெள்ளிப் பூச்சு கறுக்கும், மணி அழுக்கடைந்தது போலத் தெரியும். நிறம் கண்ணாடியிலேயே கலந்திருக்கும் மணிதான் நிற்கும். சோதிப்பது எளிது: நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்து மணியை அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் நிறம் இறங்கினால் அது பூச்சு. மணியே பிசுபிசுத்தால் பிளாஸ்டிக். இரண்டிலும் தப்பியதை வெந்நீரும் சோப்பும் கலந்து ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் மறுபடி பாருங்கள்.

திருப்பதிக்கு அருகே பாபநாயுடுபேட்டையில் உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிப் பாசி செய்யும் தொழில் உண்டு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த சின்னக் கண்ணாடி மணிகளில் பெரும்பாலானவையும் அப்படி இழுத்து நறுக்கிச் செய்தவைதான். இந்த வகைப் பாசியில் நிறம் உள்ளேயே இருக்கும். ஆனால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒரு தட்டில் கொட்டி, குட்டையையும் நெட்டையையும் பிரித்துவிட்டு ஒரே அளவானதை மட்டும் எடுங்கள். ஜப்பான் பாசி அளவு பிசகாது, அதற்கேற்ற விலை.

பழைய நகையிலிருந்து பிரித்தெடுத்த மணியையும் உலோக மினுமினுப்புப் பூசிய மணியையும் உணவுப் பாத்திரத்தில் வைக்காதீர்கள். அவற்றில் ஈயம் இருக்கக்கூடும்.

கருவிகள்: தட்டை மூக்குக் குறடு, கூர்மூக்குக் குறடு, கம்பி வெட்டும் கட்டர், 220 நம்பர் உப்புத்தாள், ஒரு தடித்த ஊசி, பல்குச்சி. குறட்டின் வாயில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எனாமல் சுரண்டப்பட்டு அந்தக் கீறலில்தான் முதலில் பச்சைக் களிம்பு பூக்கும்.

அளந்து குறித்தல்

கரண்டியைச் சோப்பால் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் காம்பை மறுபடி துடையுங்கள். கடையிலிருந்து வந்த எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பசையும் பிடிக்காது, கம்பியும் வழுக்கும். குழி முடியும் இடத்திலிருந்து 4 செ.மீ. விட்டு ஒரு கோடு, காம்பின் நுனியிலிருந்து 2 செ.மீ. விட்டு ஒரு கோடு மார்க்கரால் போடுங்கள். இடையில் சுமார் 8 செ.மீ. கிடைக்கும். இதில் மணி வரிசைகள் 7 செ.மீ. பிடிக்கும், இரு முனையிலும் வெறும் சுற்று.

கீழ்க்கோட்டிலும் மேற்கோட்டிலும் 3 மி.மீ. அகலத்துக்கு மட்டும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். இது கம்பிக்கு அடியில் மறைந்துவிடும். அதைத் தாண்டித் தேய்த்தால் கீறல் நிரந்தரமாக வெளியே தெரியும்.

இனி காம்பின் அகலத்தை மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இங்கே கீழே 6, நடுவில் 10, மேலே 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் உள்ள மணிகளின் மொத்த அகலம் காம்பின் அகலத்தைவிட 1 முதல் 2 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கை விட்டால் ஓரத்து மணி விளிம்புக்கு வெளியே தொங்கும். கம்பியை இறுக்கும்போது உலோக விளிம்பு அதை நெரித்து உடைத்துவிடும். அதனால் கீழ் 5 வரிசைக்கு 4 மி.மீ. மணி ஒன்று மட்டும். நடு 7 வரிசைக்கு அதன் இருபக்கமும் ஒவ்வொரு 11 நம்பர் பாசி, மொத்தம் 8 மி.மீ. மேல் 5 வரிசைக்கு இருபக்கமும் 8 நம்பர் பாசி, மொத்தம் 10 மி.மீ. உங்கள் கரண்டி வேறு அளவாக இருந்தால் எந்த வரிசையில் மாறுவது என்பதை அகலம் பார்த்து முடிவு செய்யுங்கள், வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

தொடக்கச் சுற்று

0.5 மி.மீ. கம்பியில் 1 மீட்டர் வெட்டி, துணியால் பிடித்து இரண்டு முறை இழுத்து நேராக்குங்கள். ஒரு முனையில் 5 செ.மீ. வாலைக் காம்பின் பின்பக்கம், நுனியை நோக்கி நீளவாக்கில் படுக்க வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளுங்கள். கீழ்க்கோட்டில் தொடங்கி அந்த வாலின் மேலேயே ஐந்து சுற்று, ஒன்றையொன்று ஒட்டி, மேல்நோக்கிச் சுற்றுங்கள்.

கம்பியைச் சுற்றாதீர்கள், கரண்டியைத் திருப்புங்கள். வலது கையில் கம்பியை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு இடது கையால் கரண்டியை உருட்டினால் இழுவிசை ஒரே சீராக இருக்கும்.

தட்டைக் காம்பில் ஒரு சிக்கல் உண்டு. உருண்டைக் குச்சியில் சுற்றும்போது கம்பி எல்லாப் பக்கமும் பதியும். தட்டைக் காம்பில் நான்கு மூலைகளில் மட்டும்தான் பிடிமானம், தட்டைப் பரப்பின் மேல் கம்பி லேசாக உப்பி நிற்கும். இந்த உப்பலெல்லாம் சேர்ந்துதான் கடைசியில் தொளதொளப்பாகிறது. ஆகவே ஒவ்வொரு அரைச் சுற்றிலும் நின்று, மூலையில் கம்பியைத் தட்டை மூக்குக் குறட்டால் ஒருமுறை அழுத்தி மடித்துவிட்டுத் தொடருங்கள். வேலை மெதுவாகும். மெதுவாகட்டும்.

ஐந்து சுற்று முடிந்ததும் அதை விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசைந்தால் மேலே போகாதீர்கள், அவிழ்த்துப் புதுக் கம்பியில் தொடங்குங்கள். ஒருமுறை மடித்து விரித்த செப்புக் கம்பி இறுகிப்போயிருக்கும், மறுபடி மடித்தால் அதே இடத்தில் ஒடியக்கூடும்.

மணி வரிசைகள்

கம்பி முன்பக்கத்துக்கு வரும்போது ஒரு மணியைக் கோத்துக் காம்பின் நடுவில் உட்கார வையுங்கள். மணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே கம்பியை விளிம்பில் மடித்துப் பின்பக்கம் கொண்டுபோங்கள். பின்பக்கத்தில் கம்பி 4 மி.மீ. சாய்வாக ஏறி அடுத்த வரிசைக்கு வர வேண்டும். முன்பக்கம் எப்போதும் நேர்க்கோடு, சாய்வெல்லாம் பின்பக்கத்தில். இது பழகிவிட்டால் வரிசை கோணாது.

மணி முன்பக்கத்தில் மட்டும் போதும். சுற்றிலும் மணி கட்டினால் கரண்டியை மேசையில் வைத்தால் உருளும், பிடித்தால் நழுவும்.

மணியை இறுக்கக் கம்பியைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பது தொடக்கக்காரர்களின் வழக்கம். கண்ணாடி உலோகத்தின் மேல் இடித்துச் சில்லு தெறிக்கும். மெதுவாக, தொடர்ந்து இழுக்க வேண்டும். கம்பியில் கண்ணி விழுந்தால் உடனே நின்று, கண்ணியை விரலால் விரித்து நேராக்குங்கள். இழுத்துச் சரிசெய்ய முயன்றால் அது முடிச்சுப் போன்ற மடிப்பாகி அங்கேயே ஒடியும்.

பாதி வழியில் கம்பி தீர்ந்தால் இரு முனைகளையும் முறுக்கி இணைக்காதீர்கள். பழைய முனையைப் பின்பக்கம் நீளவாக்கில் படுக்க வைத்து, புதுக் கம்பியின் வாலையும் அதன் பக்கத்தில் வைத்து, இரண்டின் மேலும் அடுத்த சுற்றுகளை ஏற்றிவிடுங்கள்.

முடிப்பதும் பூட்டுவதும்

17 வரிசை முடிந்ததும் வெறும் சுற்று இரண்டு போடுங்கள். பிறகு தடித்த ஊசியைப் பின்பக்கம் நீளவாக்கில் வைத்து, அதையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றுங்கள். ஊசியை உருவினால் சின்னச் சந்து கிடைக்கும். கம்பியின் முனையை அந்தச் சந்தில் நுழைத்து, கூர்மூக்குக் குறட்டால் பிடித்து இழுத்து, 3 மி.மீ. விட்டு வெட்டி, சுற்றுக்குள் அமுக்கிவிடுங்கள்.

இப்போது 0.3 மி.மீ. கம்பி. அதை மேல்முனையிலிருந்து தொடங்குங்கள். அதன் வாலை இந்த முறை குழியை நோக்கிப் படுக்க வைத்து, வெறும் சுற்றின் மேல் மூன்று சுற்று சுற்றி, பிறகு ஒவ்வொரு மணி வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் படியும்படி இறங்கி வாருங்கள். பின்பக்கம் இது முதல் கம்பியின் சாய்வுக்கு எதிராக ஓடிப் பெருக்கல் குறிகளாக விழும். அந்தக் குறுக்கீடுதான் பூட்டு. ஒவ்வொரு வரிசையையும் அடுத்ததிலிருந்து பிரித்து நிறுத்துவதும் இதுதான். பலர் இதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சில வாரத்தில் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதற்கு அதுவே காரணம். கீழ்முனையிலும் மூன்று சுற்று, அதே ஊசி உத்தியில் முடிப்பு.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது ஒரு வரிசை லேசாக ஆடினால், பின்பக்கத்துச் சாய்வுக் கம்பியைக் கூர்மூக்குக் குறட்டால் பிடித்துச் சின்னதாக ஒரு நெளிவு கொடுங்கள். நெளிவு அளவுக்குக் கம்பி குறுகி இறுகும். ஒரு கம்பிக்கு ஒரு நெளிவுதான், இரண்டாவது முறை அதே இடத்தில் கொடுத்தால் ஒடியக்கூடும்.

முனை குத்துகிறதா என்பதை விரலால் சோதிக்காதீர்கள். ஒரு பஞ்சுத் துண்டை எல்லாப் பக்கமும் இழுத்துப் பாருங்கள். இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கிறது.

இரு முனைச் சுற்றுகளிலும் பின்பக்கமாக, இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலக்கும் எபாக்சி பசையைப் பல்குச்சியால் தொட்டுச் சந்துக்குள் ஓடவிடுங்கள், 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள். ஒடுங்கிய இடம் குழிக்கு அருகில் இருக்கும் கரண்டிக்கு இது கட்டாயம், மற்றதற்குக் காப்பு. சட்டென்று ஒட்டும் பசை வேண்டாம். அது மொரமொரப்பானது, சுற்றிலும் வெள்ளையாகப் பூத்து எனாமலின் பளபளப்பைக் கெடுக்கும், வெந்நீரில் விட்டுவிடும். மணிகளின் மேல் எந்தப் பசையும் கூடாது. ஒரு மணி உடைந்தால் பிறகு மாற்றவே முடியாது.

பயன்படுத்தும்போது

சோறு, பிரியாணி, சுண்டல், கேக், வெட்டிய பழம் இவற்றுக்குப் பரிமாறத் தோதான கரண்டி இது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் போடாதீர்கள். பாத்திரத்துக்குள் சாய்ந்து காம்பு வரை நனைந்துவிட்டால், புளிப்பு செம்பைக் கரைத்துப் பச்சைக் களிம்பை உண்டாக்கும், அது உணவில் கலக்கக் கூடாது. அடுப்பு வேலைக்கும் இது ஆகாது. மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் இயந்திரம் இரண்டும் வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், கழன்ற மணி தொண்டையில் சிக்கும்.

கழுவும்போது ஊறப்போடாமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான டூத் பிரஷால் வரிசைகளுக்கு இடையில் தேய்த்து, உடனே துணியால் ஒற்றி, சாய்த்து உலர்த்துங்கள். ஈரத்தோடு டப்பாவில் போட்டால் மணிக்கு அடியில் தேங்கிய தண்ணீர் நாற்றமெடுக்கும். கம்பி நாரால் தேய்த்தால் எனாமல் போய்விடும்.

டம்ளர், கோப்பை, மெழுகுவத்திக் கிண்ணம்

இங்கும் நழுவும் திசைதான் முதல் கேள்வி. அடியில் ஒடுங்கிய டம்ளரில் எவ்வளவு இறுக்கிச் சுற்றினாலும் மேசைக்கு இறங்கிவிடும். வாய் விரிந்து நடுவில் இடுப்புப் போல ஒடுங்கிய டம்ளர் என்றால் இடுப்பில் மணிமாலை போலக் கட்டலாம். உதடு படும் விளிம்பிலிருந்து 3 செ.மீ. விலகியே இருக்கட்டும்.

கண்ணாடியில் இறுக்கிச் சுற்றுவது ஆபத்து. கம்பியின் ஒடுங்கிய அழுத்தம் ஒரே கோட்டில் விழும், அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் விரிசல் ஓடும். ஆகவே கண்ணாடிக்கு வளையமாகச் செய்து மாட்டுவதே நல்லது. காம்புள்ள கோப்பையென்றால் 0.8 மி.மீ. கம்பியில் 8 செ.மீ. வெட்டி, ஒரு முனையில் சின்னக் கண், மறுமுனையில் கொக்கி செய்து, இடையில் மணி கோத்துக் காம்பைச் சுற்றி மாட்டிவிடலாம். கழுவும்போது கழற்றிக்கொள்ளலாம். விருந்தில் யாருடைய கோப்பை எது என்று தெரிய ஆளுக்கொரு நிறம் போடுவதும் வழக்கம்.

மெழுகுவத்தி வைக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் வளையம் விளிம்புக்கு வெகு கீழே, ஒரு விரல் நுழையும் தளர்ச்சியோடு தொங்கட்டும். சுடர் எரியும்போது மேல்பாகம் கைவைக்க முடியாத அளவு சுடும். அங்கே பிளாஸ்டிக் மணி இருந்தால் இளகி ஒட்டிக்கொள்ளும்.